இருபத்து நான்காம் பொத்தான்

பீல் நகரம். ஷூஸ் ஆற்றை ஒட்டிய தெரு.
இரவு பதினொன்று நாற்பது. மைனஸ் இரண்டு.
வேலைச்சீட்டில் ஜெர்மனில் ஒருக்கா, பிரெஞ்சில் ஒருக்கா:
சிற்பம். பொத்தான் 24 இறுகிவிட்டது.
மூன்று இரவாக ஓயாமல் பேசுகிறது.

சிற்பம் என்றதும் நீங்கள் நினைப்பது இல்லை.
கைவிரித்த பெண்ணில்லை, புறாவில்லை,
அறுந்த சங்கிலியும் இல்லை.
அடுக்குமாடி வாசலில் இருக்குமே
பித்தளையில் ஓர் அழைப்புமணிப் பலகை,
அது மட்டும். ஆள் உயரம்.
முப்பது பொத்தான்கள்.
பின்னால் கதவு இல்லை. வீடே இல்லை.
நாய்கள் ஒருமுறை சுற்றிவந்து
ஏமாந்து போகின்றன.

பெயர் இருக்கவேண்டிய இடத்தில் எண்.
அமர்த்தினால் இந்த ஊர்க்காரர் யாரோ
தன் மொழியில் ஓர் உரிமையைச் சொல்வார்.
மூன்றாவது, அல்பேனிய ரொட்டிக்கடைக்காரர்.
ஒன்பதாவது, திக்ரிஞா பேசும் பையன்,
குரல் உடைகிற வயது.
பள்ளி விட்டதும் பிள்ளைகள்
பத்து விரலாலும் அமர்த்துவார்கள்.
அப்போது அது சந்தை.

சீட்டோடு ஒரு புகார்க் கடிதம்.
எதிர்வீடு, இரண்டாம் மாடி, ஏஷ்லிமான்:
"என்ன மொழியோ தெரியவில்லை. ஒரு பெண்.
சொன்னதையே சொல்கிறாள்.
மனிதனுக்குத் தூக்கம் வேண்டாமா?"

வேனின் கதவைத் திறக்கும்போதே
எனக்கு மொழி தெரிந்துவிட்டது.

ஓய்வெடுக்கவும் இளைப்பாறவும்
வேலைநேரத்துக்கு ஓர் அளவு இருக்கவும்
சம்பளத்தோடு விடுமுறை பெறவும்
எல்லோருக்கும் உரிமையுண்டு.

திரும்பவும். திரும்பவும்.
ஐயா ஏஷ்லிமான்,
அவள் உங்கள் கட்சிதான்.

குரல் கோமளேஸ்வரியக்காவுடையது.
விடியமுன் வங்கி, பகலில் ஆஸ்பத்திரியின் மூன்றாம் மாடி,
மாலையில் பள்ளி உடற்பயிற்சிக்கூடம்.
பத்து நிமிட இடைவேளையில்
சீருடையோடு நின்று வாசித்தாளாம்.
'சம்பளத்தோடு' என்பதற்கு முன்
ஒரு சின்ன நிறுத்தம் இருக்கிறது.
சிற்பி அதை உணர்ச்சி என்று எண்ணி
வெட்டாமல் விட்டுவிட்டார்.
எனக்குத் தெரியும், அது கொட்டாவி.

நான்கு திருகாணி கழற்றினேன்.
உள்ளே முப்பது கம்பிகள், ஒரே நிறம்
(இதை அமைத்தவனுக்கு நரகம் உண்டு).
இருபத்து நான்கின் பின்னே
தண்ணீர் புகுந்து உறைந்து
நகக்கண் அளவு பனிக்கட்டி.
வாயால் ஊதினேன். கரையவில்லை.
விரலை வைத்துக் காத்திருந்தேன்,
விரல் மரத்துப்போகும்வரை.
டக் என்று பொத்தான் வெளியே வந்தது.
தெரு சட்டென்று பெரிதானது.
ஆறு ஓடுவது கேட்டது.

சீட்டின் இரண்டாம் வரி:
இரவு பத்து முதல் காலை ஆறுவரை
ஒலியை மூன்றில் ஒன்றாகக் குறைக்கவும்.
குறைத்தேன். முப்பதுக்கும்.
சித்திரவதை கூடாது என்பதைக்கூட
பத்து மணிக்குமேல்
மெதுவாகத்தான் சொல்லவேண்டும் இனி.
கையெழுத்து, நேரம்: பன்னிரண்டு பத்து.
என்னுடைய ஓய்வு ஐந்து மணி முன்பே
தொடங்கியிருக்க வேண்டும். அது வேறு கணக்கு.

விதிப்படி ஒருமுறை சோதிக்கவேண்டும்.
அமர்த்தினேன்.
அக்கா முணுமுணுத்தாள், உதட்டுக்குள்.
ஓய்வு என்ற சொல் பிடிபட்டது,
மிச்சத்தை ஆறு கொண்டுபோயிற்று.
ஆனால் பதிவின் கடைசியில் ஒன்று உண்டு,
வாசித்து முடித்துத் திரும்பும்போது
இடுப்பில் சாவிக்கொத்து குலுங்கும்.
வங்கிச் சாவி, பள்ளிச் சாவி,
யார் யாருடையதோ இருபது கதவுகள்.
அந்தச் சத்தம் மட்டும்
எவ்வளவு குறைத்தாலும் குறையவில்லை.

யாரோ திறக்க வருகிறார்கள் என்று
ஓர் அடி பின்னால் நகர்ந்து
தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றேன்,
திருப்புளி கையில்,
எதிரே ஆறு.